பாப்பாயி சொன்ன சொல்

ஜவ்வரிசி செய்கிற சின்னுசாமியின் சேகோ மில் ராசிபுரத்துக்கு வடக்கே சேலம் ரோட்டோரம் இருந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் அந்த இடம் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்துக் கழுவிய தண்ணீர் வாய்க்காலில் தேங்கிப் புளித்து, குடலைப் புரட்டுகிற நாற்றம் அடிக்கும். உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு அந்த நாற்றமே தெரியாது, மூக்கு என்றைக்கோ மரத்துப்போயிருக்கும். அவர்களைப் படுத்தியதெல்லாம் அரவை டிரம்மின் சத்தம்தான்.

டிரம் என்றால் வேறொன்றும் இல்லை. நெஞ்சு உயரத்துக்கு ஒரு கனத்த மர உருளை. அதைச் சுற்றி ஆணியால் குத்திச் சொரசொரப்பாக்கிய தகரம். நடுவே இரும்புத் தண்டு, தண்டின் இரண்டு முனையிலும் பேரிங். மோட்டாரில் பெல்ட் மாட்டிச் சுழலவிட்டால், மேலே கொட்டுகிற கிழங்கு கண்ணிமைக்கிற நேரத்தில் கூழாகிக் கீழே வடியும். கிழங்குக்கும் கைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இப்படி ஒன்றின் பக்கத்தில் நாள் முழுக்க ஆளை நிறுத்தி வைக்கிறோமே என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் மனசு குறுகுறுத்ததாகத் தெரியவில்லை. ஊருக்கு ஊர் சேகோ மில் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது.

எழுபத்தாறாம் வருஷம் ஒரு மாசி மாதக் காலையில் அந்த டிரம் சென்னிமலை என்கிற ஆளைக் கொன்றது. பேரிங் காய்ந்து சூடேறி, உள்ளே குண்டுகள் உருகி ஒட்டிக்கொண்டு, தண்டு முறிந்து, உருளை தாங்குகட்டையை விட்டுக் கிளம்பிவிட்டது. சென்னிமலை அப்போது கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் சின்னுசாமிக்குச் சோறு கொண்டுவந்திருந்த சௌந்திரம் வாசற்படியில் நின்று அதைப் பார்த்தாள். சேலத்தில் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துக்கொண்டிருந்த பெண். லீவுக்கு மல்லசமுத்திரத்து வீட்டுக்கு வந்தவள்.

ஊரே விதி என்றது. ரிப்பேருக்கு வந்த மெக்கானிக் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டே சாவகாசமாக, "இது இன்னைக்கு வந்த சூடு இல்லீங்க. கொஞ்ச நாளா ஏறிக்கிட்டேதான் இருந்திருக்கும். ஆருங்க பாக்கறது?" என்றான். சொல்லிவிட்டு அவன் பீடி பற்றவைக்கப் போய்விட்டான். சௌந்திரத்துக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

சின்னுசாமி கெட்ட மனிதன் இல்லை. சென்னிமலையின் பெண்டாட்டி பாப்பாயியை அநாதையாக விடக் கூடாது என்று மில்லிலேயே வேலைக்குச் சேர்த்துக்கொண்டான். புருஷன் பார்த்த வேலையையே அவளுக்குக் கொடுப்பதுதான் மரியாதை என்று அவனுக்குப் பட்டது. ஆக, புது டிரம் வந்ததும் அதே இடத்தில், அதே கூடையோடு பாப்பாயி நின்றாள். தங்கமான மனசு என்று சொந்தபந்தமெல்லாம் அவனைப் பாராட்டியது. சௌந்திரம் மில்லுக்குப் போகும்போதெல்லாம் பாப்பாயி நிற்கிற இடத்தைப் பார்க்கத் துணியாமல் தரையைப் பார்த்தாள். இந்த டிரம் இவளையும் கொண்டுபோய்விடும் என்கிற நினைப்பு அவளை விட்டு நீங்கவே இல்லை. அதைத் தடுப்பதற்காகத்தான் அவள் மேலே படித்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

எம்.எஸ்ஸி. முடித்துச் சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் செய்முறை வகுப்பு நடத்துகிற வேலையில் சேர்ந்தாள். அங்கே பேராசிரியர் கைலாசத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை இருந்தது. குடுவைக்குள் இருக்கிற காற்றையெல்லாம் பம்பு போட்டு உறிஞ்சிவிட்டு, உள்ளே ஒரு துளி உலோகத்தை ஆவியாக்கினால், அந்த ஆவி மேலே வைத்திருக்கிற தகட்டில் போய்ப் படியும். சோப்புக் குமிழியின் தோலைவிட மெல்லிய படலம். பிஸ்மத் என்கிற உலோகத்தை இப்படி மைக்கா தகட்டில் படியவைத்தால், சூடு ஏற ஏற அந்தப் படலத்தில் மின்சாரம் ஓடுகிற விதம் மாறும். சௌந்திரத்துக்கு அவ்வளவு தெரிந்ததும் போதும் என்றாகிவிட்டது. அந்தப் படலத்தைப் பேரிங்குக்குள் ஒட்டிவைத்தால் சூட்டை அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஆள் மறந்தாலும் அது மறக்காது.

சொல்வதற்குத்தான் சுலபம். சேலத்தில் அப்போது கரண்டு எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாது. பம்பு ஓடி, குடுவை காலியாகி, உலோகம் உருகத் தொடங்குகிற நேரம் பார்த்து லைட் போகும். பம்பு எண்ணெய் பின்னால் ஏறிக் குடுவையெல்லாம் பிசுபிசுக்கும். எல்லாவற்றையும் கழற்றிக் கழுவித் துடைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சித்திரை வைகாசியில் பம்பைக் குளிர்விக்கத் தண்ணீரே இருக்காது. பெண்பிள்ளை குடத்தைத் தூக்கிக்கொண்டு முனிசிபல் குழாயடியில் வரிசையில் நிற்பாள், ஆராய்ச்சிக்கு. குழாயடிப் பெண்கள் அவளைக் கல்லூரி ஆயா என்றே நினைத்திருந்தார்கள்.

பெண் பார்க்க வந்தவர்கள் பாடு இன்னும் வேடிக்கை. "பொண்ணு என்ன பண்ணுது?" என்று கேட்பார்கள். சின்னுசாமி, "குடுவைக்குள்ள காத்தே இல்லாம பண்ணுதுங்க" என்று பெருமையாகச் சொல்வான். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அண்ணன் மனைவி சென்னியம்மாளுக்கு வயிறு எரியும். "நல்ல வாக்கு நாலு சொல்லத் தெரியாதா உங்களுக்கு?" என்று புருஷனைத் திட்டுவாள். சௌந்திரத்துக்குச் சிரிப்பு வரும். அண்ணன் கேலி செய்தாலும் அவளை ஒருநாளும் தடுக்கவில்லை. அந்த ஒன்றுக்காக அவள் அவனுக்குக் காலமெல்லாம் கடன்பட்டவளாகவே தன்னை நினைத்தாள்.

எண்பத்து மூன்றில் படலம் நிலைத்தது. மேலே இன்னொரு காப்புப் பூச்சு பூசிய பிறகு மில்லின் புளித்த ஈரத்துக்கும் அது உரிந்துவரவில்லை. சௌந்திரம் அதை டிரம்மின் பேரிங் மூடிக்குள் தன் கையாலேயே பொருத்தினாள். அதிலிருந்து கம்பி இழுத்துச் சுவரில் ஒரு சின்னப் பலகை, பலகையில் ஒரு பச்சை பல்பு.

"சூடு மீறினா மோட்டார் தானா நிக்கற மாதிரி பண்ணிரலாம் அண்ணா" என்றாள்.

"அது மட்டும் வேண்டாஞ் சாமி" என்றான் சின்னுசாமி. "கரண்டு கொஞ்சம் ஏறி எறங்குனாலே அது நின்னு தொலைக்கும். பாதி அரைச்ச கெழங்கு அப்படியே புளிச்சுப் போகும். நீ தகவல் சொல்லு, நிறுத்தறத நான் பாத்துக்கறேன்."

சரி, பல்பு என்றே வைத்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பல்பை எப்படி வைப்பது என்பதில் அவள் நிறைய யோசித்தாள். ஆபத்து வந்தால் எரிகிற மாதிரி வைத்தால், பல்பு பீஸ் போயிருந்தாலோ கம்பி அறுந்திருந்தாலோ ஆபத்து வரும்போது எரியாது, யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாம் நன்றாக இருக்கும்வரை எரிய வேண்டும். சூடு மீறினாலோ, கம்பி அறுந்தாலோ, படலம் விரிசல் விட்டாலோ அணைந்துவிட வேண்டும். அணைந்தால் எதுவோ சரியில்லை என்று அர்த்தம். கைலாசம் இதைக் கேட்டு, "புத்திசாலித்தனமான ஏற்பாடு" என்று மெச்சினார். உண்மையிலேயே புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். இன்றைக்கு யாரைக் கேட்டாலும் அப்படித்தான் செய்யச் சொல்வார்கள்.

பாப்பாயியைப் பல்புக்கு எதிரில் நிறுத்திவைத்து விளக்கினாள்.

"இது எரிஞ்சுக்கிட்டே இருக்கணும் பாப்பாயக்கா. அணைஞ்சு போச்சுன்னா பேரிங்கு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். உடனே ஓடியாந்து எங்கிட்டயோ அண்ணங்கிட்டயோ சொல்லோணும். சொல்லிட்டு டிரம்முகிட்ட நிக்கக் கூடாது, வெளிய போயிரோணும். புரிஞ்சுதுங்களா?"

"செரிங்க அம்மணி. சொல்றனுங்க" என்றாள் பாப்பாயி. பல்பையே பார்த்துக்கொண்டு நின்றவள், "எப்பவும் எரியோணுமுங்களா?" என்று கேட்டாள்.

"எப்பவும்."

அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பார்த்தபோது பலகையில் குங்குமப் பொட்டு இருந்தது. பல்புக்குக் கீழே ஒரு கனகாம்பரப் பூவும் செருகியிருந்தது. சௌந்திரம் உள்ளுக்குள் நெகிழ்ந்துபோனாள். பூவிலிருந்து தண்ணீர் வடிந்து கம்பியில் இறங்காமல் இருந்தால் சரி என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். அந்தப் பொட்டு அவளிடம் என்ன சொன்னது என்று அன்றைக்கே அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. படித்தவர்களுக்கு இப்படிப் பொட்டையும் பூவையும் பார்த்துப் பூரிக்கத் தெரியும், அத்தோடு விட்டுவிடுவார்கள்.

அடுத்த வருஷம் தை மாதம். கிழங்கு வந்து குவிகிற காலம். மில் வாசலில் மாட்டுவண்டிகளும் டிராக்டர்களும் நின்றன. டிரம்முக்கு ஓய்வே இல்லை. சௌந்திரம் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேட்டை முடிப்பதற்கு முன் கருவி ஓடுவதை நேரில் பார்க்க வேண்டும் என்று கைலாசம் பஸ் ஏறி வந்தார். வந்து இறங்கியதும் நாற்றம் தாங்காமல் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டவர்தான், திரும்பப் போகும்வரை எடுக்கவில்லை.

அன்று காலை சௌந்திரம் கையோடு கொண்டுவந்த, சூட்டைக் காகிதத்தில் கோடாக வரைந்துகொண்டே போகிற மீட்டரை மாட்டிப் பார்த்தாள். பேரிங் சூடு வழக்கத்தைவிட ஏறியிருந்தது. பல்பு அணைகிற அளவுக்கு இல்லை, ஆனால் முள் மேல்பக்கம் நகர்ந்திருந்தது.  உடனே கிழங்கு போடுவதை நிறுத்தச் சொன்னாள்.

சின்னுசாமி தானே கிரீஸ் டப்பாவை எடுத்துவந்து பேரிங்கில் அழுத்தி ஏற்றினான். "கெழங்கு போடாம சும்மா ஓடட்டும். கிரீஸ் உள்ள பரவுனா குளுந்துரும்" என்றான். பிறகு கைலாசத்தைப் பார்த்து, "வாங்க சார், வெளிய வேப்பமரத்தடில எளநி குடிச்சுக்கிட்டு இருப்போம். சித்த நேரத்துல குளுந்துரும்" என்றான்.

நிறுத்திவிடலாம் என்று சௌந்திரம் வாய்வரைக்கும் வந்த சொல்லை விழுங்கினாள். வாசலில் நிற்கிற வண்டிகளைப் பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிற பேராசிரியரைப் பார்த்தாள். பச்சை பல்பு எரிந்துகொண்டிருந்தது. தன் கையால் செய்த பொருள் சரி என்று சொல்லும்போது, தன் மனசு வேறு சொல்கிறது என்பதற்காக எப்படி மறுப்பது?

"பாப்பாயக்கா, லைட்டப் பாத்துக்கிட்டே இருங்க. ஏதாச்சுன்னா வந்து சொல்லுங்க" என்று டிரம் சத்தத்துக்கு மேலே கத்திவிட்டு வெளியே வந்தாள்.

வேப்பமரத்தடியில் சின்னுசாமி இளநீர் சீவினான். கைலாசம் மைக்காவின் தடிமன் பற்றிக் கேட்டார். அவள் பதில் சொன்னாள். காது மட்டும் மில்லுக்குள்ளேயே இருந்தது. டிரம் ஒரே சீராகச் சுழன்றது. பாரம் இல்லாததால் சத்தம் கொஞ்சம் மெலிந்து, தேனீக் கூட்டத்தின் இரைச்சல் மாதிரி கேட்டது. அது சுகமான சத்தமாகக்கூட அவளுக்குப் பட்டது.

அப்போது பாப்பாயி மில் வாசலுக்கு ஓடிவந்தாள். மாவுத் தண்ணீர் தெறிக்காமல் இருக்க முந்தானையால் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டியிருந்தாள். கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"அம்மணி! குளுந்துருச்சுங்க!"

சின்னுசாமி தொடையைத் தட்டினான். "பாத்தீங்களா சார்? நாஞ்சொன்னனில்ல, சித்த நேரத்துல குளுந்துரும்னு."

சௌந்திரத்துக்கு அப்பாடா என்றிருந்தது. 

பாப்பாயி கையை ஆட்டிக்கொண்டு மறுபடி கத்தினாள். "குளுந்துருச்சுங்க அம்மணி! குளுந்துருச்சுங்க!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு!" என்று சௌந்திரம் கையை உயர்த்திக் காட்டினாள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, அம்மணி பார்த்துக்கொள்ளும் என்று பாப்பாயி நினைத்தாள். மோட்டார் சுவிட்சைப் பெண்கள் தொடக் கூடாது என்பது அந்த மில்லின் வழக்கம். அதனால் மோட்டார்க்காரன் சென்றாயனைக் கூப்பிட்டு வர ரோட்டுக்கு எதிர்ப்புறம் இருந்த டீக்கடையை நோக்கி ஓடினாள். அவள் சந்தோஷத்தில் டீ வாங்கப் போகிறாள் என்று சின்னுசாமி நினைத்தான். "எல்லாருக்கும் சேத்தி வாங்கியா" என்று அவள் முதுகுக்குப் பின்னால் கத்தினான்.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான். "பாப்பாயி வர வரைக்கும் எதுக்குக் காத்திருக்கறது? நானே ஒரு கூடை போட்டுச் சாருக்குக் காட்டறேன். போலாமா அம்மணி?"

சௌந்திரம் தலையை ஆட்டினாள்.

அவன் முன்னால் போனான். கைலாசம் காப்புப் பூச்சைப் பற்றி ஏதோ கேட்டதால் அவள் நாலு எட்டு பின்தங்கினாள். பதிலைச் சொல்லிக்கொண்டே வாசற்படியில் கால் வைத்தவள் வழக்கம்போல முதலில் பலகையைத்தான் பார்த்தாள். குங்குமப் பொட்டு தெரிந்தது. வாடிய பூ தெரிந்தது. பல்பு எரியவில்லை.

அவள் வீட்டில் அவள் அம்மா தினமும் சாயங்காலம் சாமி விளக்கு ஏற்றுவாள். படுக்கப் போகும்முன், "விளக்கைக் குளிர வெச்சுட்டு வா" என்பாள். ஒருநாளும் அணை என்று சொன்னதில்லை. எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். நல்ல விளக்கை அணைந்தது என்று சொன்னால் வீட்டுக்கு ஆகாது. குளிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பால் குடித்த நாளிலிருந்து கேட்ட பேச்சு. அது அந்த வாசற்படியில் நிற்கும்போது அவளுக்கு நினைவு வந்தது.

"அண்ணா!" என்று கத்தினாள்.

கூடையைத் தூக்கிப் பிடித்தபடி சின்னுசாமி திரும்பிப் பார்த்தான். அதற்குள் சத்தம் மாறிவிட்டது.

சென்றாயன் ஓடிவந்து மோட்டாரை நிறுத்தியபோது நிறுத்துவதற்கு எதுவும் மிச்சம் இல்லை. அந்தக் காலையின் மற்ற விவரங்களைச் சொல்வதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

சின்னுசாமியின் காரியம் முடிவதற்குள்ளேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. மல்லசமுத்திரத்து வீட்டுக் களத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலுக்கு வெளியே வெயிலில், தென்னை மரத்தடியில் பாப்பாயி தனியாக உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. குளிர்ந்துவிட்டது என்று பொய் சொல்லி முதலாளியை உள்ளே அனுப்பிவிட்டு இவள் தப்பித்து ஓடிவிட்டாள் என்றார்கள். புருஷனைக் கொன்ற மிஷினுக்கு வஞ்சம் வைத்து முதலாளியைப் பலி கொடுத்துவிட்டாள் என்றுகூட ஒரு புண்ணியவான் சொன்னான். சாவு வீட்டில் இப்படிப்பட்ட நாக்குகளுக்குப் பஞ்சமே இருக்காது.

சென்னியம்மாள் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பொட்டில்லாத நெற்றி. அழுது தொண்டை கட்டியிருந்தது. பாப்பாயியை உள்ளே கூப்பிடச் சொன்னாள்.

"என்ன சொன்ன நீ?"

பாப்பாயி நிலைப்படிக்கு வெளியே நின்றாள். "குளுந்துருச்சுன்னு சொன்னனுங்க."

"கொதிச்சுக் கெடந்தத ஏண்டி குளுந்துருச்சுன்னு சொன்ன?"

"லைட்டச் சொன்னனுங்க." பாப்பாயி நிலையைப் பிடித்துக்கொண்டாள். "லைட்டு எரியாம போச்சுன்னா சொல்லோணும்னு அம்மணி சொல்லுச்சு. சொன்னனுங்க. மூணு தரம் கத்துனனுங்க. வேற எப்படீங்க சொல்லுவேன்? என்ற புருசன் போன எடமுங்க அது. அந்த எடத்துல நின்னுக்கிட்டு, வெளக்கு அப்படி ஆயிருச்சுன்னு அந்த வார்த்தைய என்ற வாயால எப்படீங்க சொல்லுவேன்? மொதலாளி உள்ள வந்து போற எடமுங்களே."

 கூடத்தில் யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. ஒரு கிழவர், "எலெட்ரிக் பல்புக்கு என்னம்மா குளுர்றதும் வேகறதும்? கதை விடறா" என்றார். சில பேர் தலையாட்டினார்கள். இதோடு விட்டிருந்தால் பாப்பாயி மேலேயே பழி நின்றிருக்கும். சௌந்திரம் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டாம், காலம் அவளைக் காப்பாற்றிக் கரை சேர்த்திருக்கும்.

அவள் எழுந்து நின்றாள்.

"பாப்பாயக்கா சரியாத்தான் சொன்னாங்க. நான்தான் தப்பாக் கேட்டேன் நங்கை." அண்ணன் மனைவியை அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள். "பேரிங் குளுந்துருச்சுன்னு நெனச்சுட்டேன். அண்ணன் எங்கிட்டக் கேட்டாரு, போலாமான்னு. நான் தலையாட்டினேன்."

சென்னியம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். 

"உங்கிட்டக் கேட்டாரா?"

"ஆமாங்க நங்கை."

"நீ ஆட்டுன."

 சென்னியம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"அவ வேலைக்கு வரட்டும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். "நீ இனிமே எங்க ஊட்டுக்கும் வராத, மில்லுக்கும் வராத. உன்ற பல்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

சௌந்திரம் அன்றே சேலத்துக்கு பஸ் ஏறினாள். சென்னியம்மாள் மில்லை விற்கவில்லை, மூடவும் இல்லை. புது டிரம் வாங்கிப் போட்டு, சென்றாயனை வைத்துத் தானே நடத்தினாள். பலகையைப் பிடுங்கி எறியச் சொன்னாள். கம்பிகளைச் சென்றாயன் சுருட்டி மூலையில் போட்டுவிட்டானாம்.

ஆய்வேடு தயாராயிற்று. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் நல்ல மனிதர். விபத்து நடந்த நாளின் வரைபடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "தண்டு முறிவதற்கு வெகுநேரம் முன்பே உங்கள் படலம் கண்டுபிடித்துவிட்டதே! விளக்கும் சரியான நேரத்தில் அணைந்திருக்கிறது. அருமை. பிறகு ஏன் இயந்திரத்தை நிறுத்தவில்லை?" என்று கேட்டார்.

கைலாசம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சௌந்திரம், "தகவல் வந்து சேரவில்லை" என்று மட்டும் சொன்னாள். அது கருவியின் குறை இல்லை என்று தேர்வாளர் பெரிய மனசோடு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் பெயருக்கு முன்னால் டாக்டர் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பட்டத்தை அவள் ஒரு இடத்திலும் எழுதியதில்லை.

மில்லைத் தாண்டித்தான் நாமக்கல் பஸ் போகும். போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்வாள். டிரம் சத்தம் ஒரே சீராகக் கேட்டால் மூச்சு விடுவாள். பாப்பாயிக்குத்தான் அத்தனையும் செய்தாள். பாப்பாயிக்காகத்தான் உண்மையைச் சொன்னாள். அந்த உண்மைதான் இப்போது பாப்பாயியை ஒரு காவலும் இல்லாமல் அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு வேலை போயிருக்கும், பழி வந்திருக்கும், டிரம்மின் பக்கத்தில் மட்டும் நின்றிருக்க மாட்டாள். இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் சௌந்திரத்துக்கு விடை வரவில்லை.

எண்பத்தாறாம் வருஷம், மறுபடியும் கிழங்குக் காலம். ஒருநாள் தாங்க முடியாமல் மில் ஸ்டாப்பிங்கில் இறங்கிவிட்டாள். உள்ளே போகவில்லை, கேட்டுக்கு வெளியே நின்றாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்த பாப்பாயி அவளைப் பார்த்ததும் ஓடிவந்தாள். முகமெல்லாம் மாவு. வாயெல்லாம் சிரிப்பு.

"அம்மணி! எப்படி இருக்கறீங்க? எளச்சுப் போயிட்டீங்களே."

"நல்லா இருக்கறேன் பாப்பாயக்கா. நீங்க?" பதிலுக்குக் காத்திராமலே சொன்னாள். "அந்த வேலைய உட்டுருங்க. வேற எடத்துல நான் வேலை பாத்துத் தரேன். எங்கூட சேலத்துக்கு வந்துருங்க."

"ஐயோ, நங்கையம்மா தனியா இருக்கறாங்களே. நான் போயிட்டா ஆரு பாக்கறது?" என்றாள் பாப்பாயி. பிறகு குரலைத் தாழ்த்தி, குழந்தைக்குத் தைரியம் சொல்வது மாதிரிச் சொன்னாள். "நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க அம்மணி. லைட்டு இல்லாட்டி என்னங்க? ஓடறப்பவே அப்பப்ப பேரிங்கு மேல கைய வெச்சுப் பாத்துக்கறனுங்க. சூடு இருந்தாத் தெரியாதுங்களா?"

தெரியும் என்பதற்கு அடையாளமாக உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பழைய தழும்புகளுக்கு நடுவே அன்றைக்குக் காலையில் எழும்பிய கொப்புளம் இன்னும் உடையாமல் இருந்தது.